ரெண்டு நாள் நிறுத்துனா வண்டி செத்துப்போவுது: பேட்டரியா, செட்டா?

தண்டையார்பேட்டை ஸ்விஃப்ட்:
வணக்கம். பழைய ஸ்விஃப்ட் பெட்ரோல். 35 ஏஎச் (ஆம்பியர்-அவர், பேட்டரியோட கொள்ளளவு) பேட்டரி, மாத்தி அஞ்சு மாசம்தான் ஆவுது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நிறுத்துனா திங்கக்கிழமை காலைல டிக் டிக்னு சத்தம் மட்டும்தான். ரெண்டு மாசம் முன்னாடி ஆண்ட்ராய்டு மியூசிக் செட், டிக்கில ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்), சப்-ஊஃபர் எல்லாம் மாட்டினேன். ரோதனை அப்புறம்தான் ஆரம்பிச்சது. மாட்டின கடைல கேட்டா பேட்டரி வீக்குன்றாங்க. பேட்டரி கடைல செக் பண்ணிட்டு பேட்டரி நல்லாருக்கு, செட்டைப் பாருன்றாங்க. நடுவுல தெருப் பசங்கதான் பாவம், வாரா வாரம் தள்றாங்க.

காசிமேடு காத்து:
டெர்மினல்ல பச்சை பூத்திருக்கா பாருங்க. நம்ம பக்கம் உப்புக் காத்து, சும்மா உடாது. வெந்நீர் ஊத்தி பிரஷ்ஷால தேய்ங்க.

தண்டையார்பேட்டை ஸ்விஃப்ட்:
தேய்ச்சாச்சுணா. இன்ஜின் ஓடுறப்ப 14.2 வோல்ட் காட்டுது, சார்ஜ் ஏறுது.

மூலக்கடை ஒயர்:
அப்ப நிக்கிற வண்டி எவ்ளோ குடிக்குதுன்னு அளந்துடுங்க தம்பி. மீட்டர்ல சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் ஓட்டைல மாத்துங்க. பேட்டரி நெகட்டிவ் கிளாம்பைக் கழட்டி, கிளாம்புக்கும் கம்பத்துக்கும் நடுவுல மீட்டரை வைங்க. கதவு தொறந்திருந்தா ரூஃப் லைட்டும் கணக்குல சேரும், அதனால ஸ்க்ரூடிரைவரால லாக்கை அமுக்கி மூடின மாதிரி பண்ணிடுங்க. அரை மணி நேரம் காத்திருங்க, ஈசியு, அதான் வண்டியோட கம்ப்யூட்டர், எல்லாம் தூங்கணும். 50 மில்லிஆம்பியருக்குள்ள, அதாவது 0.05 ஆம்பியருக்குள்ள இருந்தா ஓகே. மேல இருந்தா பியூஸை ஒண்ணொண்ணா புடுங்குங்க, எதுல குறையுதோ அங்க கோளாறு. மீட்டர் மாட்டியிருக்கப்ப சாவி மட்டும் போட்றாதீங்க. நான் அப்படி ரெண்டு மீட்டர் பியூஸைக் காலி பண்ணியிருக்கேன்.

தண்டையார்பேட்டை ஸ்விஃப்ட்:
0.47 ஆம்பியர்! ஆனா டேஷ்போர்டு பியூஸ், பானெட் பியூஸ் எல்லாத்தையும் புடுங்கிட்டேன், ஆடியோ பியூஸ் உட்பட. 0.45-க்குக் கீழ இறங்கல. அப்ப செட் இல்லியா?

மூலக்கடை ஒயர்:
அவசரப்படாதீங்க. எதைப் புடுங்கியும் குறையலன்னா கரன்ட் பியூஸ் பாக்ஸ் பக்கமே போகலன்னு அர்த்தம். பேட்டரிக்கு சார்ஜ் ஏத்துற ஆல்டர்நேட்டர்ல டயோடு லீக் ஆனாலும் இப்படிக் காட்டும். ஆனா ஆம்புக்குப் பேட்டரிலேருந்து நேரா தடி ஒயர் போயிருக்குமே, அதுல தனியா ஒரு பியூஸ் இருக்கும். முதல்ல அதைக் கழட்டுங்க.

கணக்கும் சரியா வருது பாருங்க. வெள்ளி சாயங்காலம் 6 மணிலேருந்து திங்கள் காலை 8 வரைக்கும் 62 மணி நேரம். 0.47-ஆல பெருக்கினா 29 ஏஎச். 35-ல 29 போனா ஸ்டார்ட்டர் எதை வச்சு சுத்தும்?

தண்டையார்பேட்டை ஸ்விஃப்ட்:
கழட்டினதும் 0.02! மறுபடி மாட்டிட்டு டிக்கியைத் தொறந்தா, சாவி கைல இருக்கு, ஆம்ப்ல லைட் எரியுது. ஒரு ஜாண் ஒயரை வச்சு ஆம்போட பிளஸ்ஸையும், ஆம்பை ஆன் பண்ணச் சொல்ற 'ரிமோட்' முனையையும் கோத்துவிட்டிருக்காங்க.

மூலக்கடை ஒயர்:
முன்னாடிலேருந்து ஒயர் இழுக்க சோம்பேறித்தனம், வேற ஒண்ணும் இல்ல. அந்தத் துண்டை வெட்டிப் போட்டுட்டு, செட்டுக்குப் பின்னாடி நீலம்-வெள்ளைக் கோடு போட்ட ஒயர்லேருந்து ரிமோட்டுக்கு இழுங்க. செட் அணைஞ்சா ஆம்பும் அணையும். பேட்டரியை ஒரு ராத்திரி மெதுவா வெளில சார்ஜ் போடுங்க. தண்டையார்பேட்டைலேருந்து பக்கத்துல மின்ட் வரைக்கும் ஓட்டினா ரொம்பாது.

தண்டையார்பேட்டை ஸ்விஃப்ட்:
ஒயர் இழுத்தாச்சு. மூணு நாள் தொடாம வச்சேன், 12.5 வோல்ட், ஒரே அடில ஸ்டார்ட். செட்டை ஆன் பண்றப்ப சப்-ஊஃபர்ல டொப்புன்னு ஒரு சத்தம் வரும், அதுவும் நின்னுடுச்சு. அதை பேஸ் சவுண்டுன்னு நெனச்சேன்ணா இத்தனை நாளா.