அரசு மருத்துவமனையின் வரிசையும் காப்பீட்டு நிறுவனத்தின் மறுப்புக் கடிதமும்

வைகறை:
என் தாயாருக்கு இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை தேவை என்று அரசு மருத்துவமனையில் சொல்லிப் பதினான்கு மாதங்கள் ஆகின்றன. இருமுறை தேதி குறித்தார்கள். இருமுறையும் முந்தைய நாள் மாலையில் அழைத்து, விபத்தில் அடிபட்டவர்கள் வந்துவிட்டதால் தள்ளிவைக்கிறோம் என்றார்கள். அங்குள்ள மருத்துவர்கள் மீது எனக்குக் கோபமில்லை. ஆனால் இத்தனை மாதங்களாக அவர் விழுங்கிய வலி மாத்திரைகள் வயிற்றைப் புண்ணாக்கி, அதற்கும் இப்போது தனியாக மருந்து சாப்பிடுகிறார். காத்திருப்பதால் யாருக்கும் செலவில்லை என்று நினைப்பவர்கள், கைத்தடியை ஊன்றிக் கட்டிலிலிருந்து கழிப்பறை வரை செல்ல அவருக்கு ஆகும் ஏழு நிமிடங்களை ஒருமுறை உடனிருந்து பார்க்க வேண்டும். பிரீமியம் கட்ட முடிந்தவர்கள் தனியார் காப்பீட்டை நாடுவதே நல்லது. அவர்கள் விலகினால் அரசு மருத்துவமனையின் வரிசையும் குறையும் என்பது என் கருத்து.

ஆழி:
தங்கள் தாயாரின் நிலை வருத்தமளிக்கிறது. ஆயினும், தாங்கள் காட்டும் வழியில் சென்றவன் என்ற முறையில் என் அனுபவத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. மூன்று ஆண்டுகள் ஒரு தவணைகூடத் தவறாமல் பிரீமியம் கட்டிய பிறகு என் தந்தைக்கு மாரடைப்பு வந்தது. அவசரப் பிரிவில் இரவுப் பணியிலிருந்த இளம் மருத்துவர், இரத்த அழுத்தம் எவ்வளவு காலமாக இருக்கிறது என்று கேட்க, மூச்சு வாங்கிக்கொண்டிருந்த என் தந்தை "ரொம்ப நாளா" என்று மட்டும் சொன்னார். அது டிஸ்சார்ஜ் சம்மரியில் "ஐந்து ஆண்டுகளாக" என்று பதிவாகிவிட்டது. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு, பாலிசி எடுக்கும்போதே இருந்த நோயை மறைத்துவிட்டதாகக் கூறி நிறுவனம் கிளெய்மை முழுவதுமாக நிராகரித்தது. அரசு மருத்துவமனையில் தேதியைத் தள்ளிவைத்தார்கள் என்கிறீர்கள். எங்களுக்கோ, சிகிச்சை முடிந்து கடனும் வாங்கிய பிறகுதான் இல்லை என்ற பதிலே வந்தது.

கதிரொளி:
கிளெய்ம் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்பதால் மறுபக்கத்தையும் எடுத்துரைக்க விரும்புகிறேன். நோய் வந்த பிறகு பாலிசி எடுப்பவர்களை யாரும் தடுக்காவிட்டால், பிரீமியம் உயரும். உயர்ந்ததும் உடல்நலத்தோடு இருப்பவர்கள் விலகுவார்கள். நோயாளிகள் மட்டுமே எஞ்சுவதால் பிரீமியம் மேலும் உயரும். அறுபத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்கு மருத்துவக் காப்பீடு கிடைப்பது ஏன் அவ்வளவு கடினமாக இருக்கிறது என்பதைப் பொருளியலாளர் ஜார்ஜ் ஆகர்லாஃப் 1970இல் இந்தக் காரணத்தைக் கொண்டே விளக்கினார். ஆகவே நிறுவனம் கேள்வி கேட்பதே தவறு என்று சொல்ல முடியாது. உண்மையை மறைப்பவர்களின் சுமை, உண்மையைச் சொன்னவர்களின் தலையில்தான் விழுகிறது.

ஆழி:
கேள்வி கேட்பதை நான் குறை சொல்லவில்லை. பாலிசி விற்ற அன்று இரத்த அழுத்தத்தை அளந்து பார்க்காமல் பணத்தை வாங்கிக்கொண்டு, மாரடைப்பு வந்த பிறகு பழைய காகிதங்களைத் துருவுவதைத்தான் சொல்கிறேன். நெதர்லாந்தில் 2006 முதல் அடிப்படைக் காப்பீடு அனைவருக்கும் கட்டாயம். அதை விற்பவை தனியார் நிறுவனங்களே. ஆனால் விண்ணப்பிக்கும் எவரையும் அவை மறுக்க இயலாது. நோயைக் காரணம் காட்டிக் கூடுதல் பிரீமியமும் கேட்க இயலாது. அதிக நோயாளிகளைக் கொண்ட நிறுவனத்துக்குப் பொது நிதியிலிருந்து ஈடு செய்யப்படுகிறது. தாங்கள் சொன்ன சிக்கலுக்கு, ஒருவருடைய பழைய மருந்துச் சீட்டைத் தேடாமலேயே அங்கே தீர்வு கண்டிருக்கிறார்கள்.

முல்லை:
அரசு மருத்துவமனையின் அறுவைப் பிரிவில் செவிலியாக இருக்கிறேன். வசதியுள்ளவர்கள் விலகினால் வரிசை குறையும் என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. எங்களிடம் ஓர் அறுவை அரங்கு வாரத்தில் இரண்டு நாட்கள் பூட்டியே கிடக்கிறது. கருவிகள் இருக்கின்றன, மருத்துவரும் இருக்கிறார். அறுவை முடிந்து மயக்கம் தெளியும்வரை நோயாளியின் அருகில் நிற்கப் பயிற்சி பெற்ற செவிலியர் இல்லை. அவர்கள் தனியார் மருத்துவமனைகளுக்குச் சென்றுவிட்டார்கள். நோயாளிகள் போகும் இடத்துக்கே பணியாளர்களும் போய்விடும்போது வரிசை எப்படிக் குறையும்? வைகறை அவர்களே, தங்கள் தாயாருக்குச் சொல்லப்பட்ட விபத்துக் காரணம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஒரே ஒரு விபத்து அட்டவணை முழுவதையும் கலைத்துவிடுகிறது என்றால், அங்கே மாற்று ஆட்கள் இல்லை என்பதே அதன் பொருள். இவற்றையெல்லாம் உரக்கக் கேட்கக்கூடியவர்கள் வெளியேறிவிட்டால், பூட்டிய அரங்கைப் பற்றி யார் கேட்பார்கள்?

வைகறை:
பணியாளர்களைப் பற்றித் தாங்கள் சொல்வது எனக்குப் புதிய செய்தி. அந்த அளவில் என் கருத்தைத் திருத்திக்கொள்கிறேன். ஆனாலும், கேள்வி கேட்பதற்காக என் தாயார் வலியோடு வரிசையில் நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது. 2005இல் கனடாவின் உச்ச நீதிமன்றத்தில் கியூபெக் மாகாணத்தின் தனியார் காப்பீட்டுத் தடை தொடர்பான வழக்கில், காத்திருப்போர் பட்டியலில் இடம் கிடைப்பது மருத்துவம் கிடைப்பதாகாது என்று நீதிபதிகள் எழுதினார்கள். அதையேதான் நானும் சொல்கிறேன்.

முல்லை:
அந்தத் தீர்ப்புக்குப் பிறகு நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கியூபெக் அரசு 2006இல் இடுப்பு, முழங்கால், கண்புரை ஆகிய அறுவை சிகிச்சைகளுக்குத் தனியார் காப்பீட்டை அனுமதித்தது. அதே சட்டத்தின் வழியாக, பொது மருத்துவத்தில் அந்த அறுவைகளுக்கான காத்திருப்புக்கும் வரம்பு வைக்க முன்வந்தது. நான் கேட்பது இந்த இரண்டாவது பாதியைத்தான். எழுதிவைத்தால் மட்டும் போதாது என்பதும் உண்மை. இங்கிலாந்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பேருக்குப் பதினெட்டு வாரங்களுக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்ற இலக்கு 2016க்குப் பிறகு எட்டப்படவில்லை. ஆனால் இலக்கும் கணக்கும் வெளியிடப்படுவதால், எவ்வளவு தவறினார்கள் என்பதாவது அங்குள்ள மக்களுக்குத் தெரிகிறது. தங்கள் தாயார் பட்டியலில் எத்தனையாவது இடத்தில் இருக்கிறார் என்று யாராவது சொன்னார்களா?

வைகறை:
இல்லை. இன்றுவரை சொல்லவில்லை. நாளை எழுத்து மூலமாகவே கேட்கிறேன்.

கதிரொளி:
ஆழி அவர்களே, கொள்கை அளவில் நாம் உடன்படாமல் போகலாம். தங்கள் கிளெய்மை மட்டும் கைவிட்டுவிடாதீர்கள். எந்த விதியின்படி மறுத்தார்கள் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். "ஐந்து ஆண்டுகள்" என்பது எதன் அடிப்படையில் எழுதப்பட்டது என்று மருத்துவமனையிடம் விளக்கக் கடிதமும் கேளுங்கள். இரத்த அழுத்தம் முதன்முதலில் கண்டறியப்பட்ட நாளைக் காட்டும் சீட்டு கிடைத்தால், அதற்கு எதிராக அந்த ஒற்றை வரி நிற்பது கடினம்.

ஆழி:
நன்றி. தந்தையின் பழைய கோப்பில் நேற்று ஒரு சீட்டைக் கண்டெடுத்தேன். முதன்முதலாக மாத்திரை எழுதிக்கொடுத்த நாள், பாலிசி தொடங்கி ஏழு மாதங்களுக்குப் பிறகு வருகிறது. கையெழுத்து மங்கியிருக்கிறது, தேதி தெளிவாக இருக்கிறது.