பன்னிலை ஆளுகையா, பல்மட்ட ஆட்சியா?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

‘மல்டிலெவல் கவர்னன்ஸ்’ என்றால், ஒரே காரியத்தை உள்ளூர் அமைப்பு முதல் நாட்டரசுக்கு மேலான அமைப்பு வரை பலரும் கூடி முடிவு செய்து நடத்துவது. அதற்குத் தமிழில் இதுவரை நான்கு சொற்கள் வந்திருக்கின்றன: பல்மட்ட ஆட்சி, பல்லடுக்கு ஆட்சி, பன்னிலை ஆளுமை, பன்னிலை ஆளுகை. என் ஓட்டு கடைசிச் சொல்லுக்கு.

எளிதானவற்றை முதலில் கழித்துவிடலாம். ‘மட்டமான சரக்கு’ என்று பேசிப் பழகிய காதுக்குப் ‘பல்மட்ட ஆட்சி’ வசவாகத்தான் விழும். ‘மின் ஆளுமை’ அரசு ஏடுகளில் புழங்குவது தெரியும். ஆனாலும் ‘பன்னிலை ஆளுமை’ மனநல மருத்துவர் எழுதிய குறிப்பு மாதிரி இருக்கிறது.

‘அடுக்கு’ அப்படித் தள்ளிவிடக்கூடியதல்ல. ‘மூவடுக்கு ஊராட்சி’ வேரூன்றிவிட்ட சொல். ஆனால் அடுக்கென்றால் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்திருக்க வேண்டும்; உச்சியைத் தொட நடுவில் இருப்பதைக் கடந்தாக வேண்டும். இந்தக் கருத்து பிறந்ததே அந்தப் படம் பொருந்தாமல் போன இடத்தில்தான். இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியச் சமூகம், பின்தங்கிய வட்டாரங்களுக்கு உதவும் கட்டமைப்பு நிதிகளை 1988இல் சீர்திருத்தியபோது, திட்டங்களை அதன் நிர்வாக அமைப்பான ஆணையமும் நாட்டரசும் வட்டார, உள்ளூர் அமைப்புகளும் கூடித் தீட்ட வேண்டும் என்றது. தலைநகரைச் சுற்றிக்கொண்டு போகாமல் ஆணையம் இருக்கும் பிரஸ்ஸல்ஸில் நேரே பேச, வட்டாரங்கள் பல அங்கே சொந்த அலுவலகமே வைத்துக்கொண்டன. 1990களின் தொடக்கத்தில் அரசியல் அறிஞர் கேரி மார்க்ஸ் பெயர் வைத்தது இந்தப் போக்குக்குத்தான்.

ஒரு பாலத்துக்கான கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வரைபடம் நகராட்சிப் பொறியாளர் கையில், நில எடுப்பு வட்டார அரசிடம், பாதிப் பணம் நாட்டரசிடம், மீதி பிரஸ்ஸல்ஸில். இதில் யார் எழுந்து போனாலும் வேலை நின்றுவிடும். யாரை மேலடுக்கு என்பது?

“நிலை மட்டும் என்ன, படிநிலைதானே?” என்று நேற்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் ‘படி’யைச் சேர்த்தால்தான் அது ஏணியாகிறது. வெறும் ‘நிலை’ நிற்கும் இடத்தைச் சொல்வதோடு சரி.

அப்புறம் ‘ஆட்சி’. அது நாற்காலியில் இருப்பவர்களோடு நின்றுவிடுகிறது. ஒரே ஆற்றுப்படுகைக்கென்று பல அரசுகள் சேர்ந்து வைக்கும் ஆணையமும் இந்தக் கருத்துக்குள் வரும். அது எந்த அரசின் ஆட்சியும் அல்ல. ஆளுகை என்றால் பொருந்தும்.

இன்னொரு சொல்லையும் இப்போதே யோசித்து வைக்கலாம். ஜெர்மனியில் கூட்டரசும் மாநிலங்களும் சேர்ந்து செய்யும் ‘கூட்டுப் பணிகள்’ 1969இல் அரசமைப்பில் ஏறின. அந்த ஏற்பாட்டை ஆராய்ந்த ஜெர்மன் அரசியல் அறிஞர் ஃபிரிட்ஸ் ஷார்ப்ஃபும் உடனிருந்தவர்களும் 1976இல் எடுத்தாண்ட ஜெர்மன் சொல்லுக்குள் ‘பின்னல்’ இருக்கிறது. அதைக் ‘கொள்கைப் பின்னல்’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்பேன். நம் பின்னலும் இரண்டு வேலை செய்கிறது: சடையும் பின்னல், கயிறு சிக்கிக்கொண்டாலும் பின்னிக்கிடக்கிறது என்கிறோம். ஷார்ப்ஃப் பிறகு சொன்னதும் இதையொட்டித்தான்: எல்லாரும் சம்மதித்தால்தான் முடிவு என்று வைத்துவிட்டால், பழைய ஏற்பாட்டில் ஆதாயம் காண்பவர் தலையை ஆட்ட மறுப்பார். காலாவதியான திட்டமும் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும்.

அந்த நிலைமைக்கு, எலிப்பொறியை மனத்தில் வைத்து, ‘கூட்டு முடிவுப் பொறி’ என்று எழுதிப் பார்த்தேன். ‘பொறி’ என்றதும் பொறியியல்தான் முன்னால் வந்து நிற்கிறது. ‘கண்ணி’ பரவாயில்லையா? செய்யுளிலும் ‘கண்ணி’ உண்டு என்று கவிதைக்காரர்கள் சண்டைக்கு வருவார்களோ என்னவோ. வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.