பிரிட்டன் ஸ்டேட் பென்ஷன்: ஊரில் குடியேறினால் ஏறுமா?

கேள்வி: லண்டன் வந்து நான்கு மாதம் ஆகிறது. சம்பளத்தில் நேஷனல் இன்சூரன்ஸ் என்று ஒரு தொகை பிடிக்கிறார்கள். வயதான பிறகு திருச்சிக்கே போய்விடுவோம். அப்படியானால் அது வீண்தானா அண்ணா?

பதில்: வீண் இல்லை தம்பி. 10 வருடம் நேஷனல் இன்சூரன்ஸ் கணக்கில் சேர்ந்தால் ஸ்டேட் பென்ஷன் (வயதான பிறகு அரசு தரும் ஓய்வூதியம்) உண்டு, 35 வருடம் இருந்தால் முழுத்தொகை. எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்று பார்ப்பதில்லை. திருச்சி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தே வாங்கலாம். வில்லங்கம் வேறு: தொகை ஏறாது.

இங்கே இருப்பவர்களுக்கு ஒவ்வோர் ஏப்ரலிலும் ஏறும். சம்பள உயர்வு, விலைவாசி உயர்வு, 2.5 சதவீதம், இந்த மூன்றில் எது அதிகமோ அது. இதைத்தான் டிரிபிள் லாக் என்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிலோ அமெரிக்காவிலோ குடியேறினாலும் இந்த உயர்வு கிடைக்கும். இந்தியா, இலங்கை, கனடா, ஆஸ்திரேலியா என்றால் கிடையாது. மகள் நியூஜெர்சியில், மகன் டொராண்டோவில் என்றால், யாரோடு போய் இருப்பது என்பதிலேயே பென்ஷன் மாறிவிடும்! (மொரிஷியஸில்கூட ஏறும். அங்கே போகச் சொல்லவில்லை.)

2016 ஏப்ரலில் புதிய முறை வந்தபோது முழுத்தொகை வாரத்துக்கு 155.65 பவுண்ட். அப்போதே வாங்க ஆரம்பித்து ஊரில் தங்கிவிட்டவருக்கு இன்றைக்கும் அதே 155.65தான். இங்கேயே இருந்தவருக்கு 2025 ஏப்ரலில் 230.25. இருவரும் கட்டியது ஒரே நேஷனல் இன்சூரன்ஸ். எனக்கு இது அநியாயமாகத்தான் படுகிறது. தென்னாப்பிரிக்காவில் குடியேறிய ஆனெட் கார்சன் என்பவர் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார். 2010இல் தோற்றார். இந்தச் சட்டம் மாறும் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள்.

கம்பெனி பென்ஷனுக்கு விதிகள் தனி. அதில் விலைவாசிக்கு ஏற்ற உயர்வு உண்டா என்று இப்போதே கேட்டு வையுங்கள். நேஷனல் இன்சூரன்ஸ் கணக்கில் எந்த வருடமாவது விடுபட்டிருக்கிறதா என்பதை அரசு இணையதளத்திலேயே பார்க்கலாம்.

கேள்வி: ஊரில் சில வருடம் இருந்துவிட்டு மறுபடி இங்கேயே வந்துவிட்டால்?

பதில்: இங்கே குடியிருக்க வந்துவிட்டால் அன்றைய முழு விகிதத்துக்கு ஏற்றிவிடுவார்கள். விட்டுப்போன பாக்கி வராது. திரும்ப ஊருக்கே குடிபோனால் அதன்பிறகு ஏறாது.