மைனர் லீக், பிளே-ஆஃப்: தமிழில் என்ன?

மு.: பேஸ்பால் கையேடு வெள்ளிக்கிழமைக்குள் போயாக வேண்டும். 'மைனர் லீக்' (மேஜர் லீக் அணிகளுக்கு வீரர்கள் தயாராகும் கீழ்நிலை லீக்), 'பிளே-ஆஃப்' (சீசன் முடிந்ததும் பட்டத்துக்கு நடக்கும் ஆட்டங்கள்) இரண்டுக்கும் அட்டவணைக் கட்டத்தில் அடங்கும் சொல் வேண்டும். 'இளநிலை லீக்' சரிவராது. முப்பதைத் தாண்டியவர்களும் ஆடுகிறார்கள்.

செ.: நாற்றங்கால் லீக். கால்பந்தில் பட்டம் வென்ற கிளப் மேல் லீக்குக்கு ஏறும். இங்கே ஏறுவது ஆள்தான். அணி கிடந்த இடத்திலேயே கிடக்கும். டிரிபிள்-ஏ என்பது மைனர் லீக்கின் மேல்படி. 2022-ல் அதன் பட்டம் வென்ற டர்ஹம் புல்ஸ் அணி 2023-லும் டிரிபிள்-ஏதான். நாற்று போகும், பாத்தி இருக்கும். அமெரிக்கர்களே 'பண்ணை' என்கிறார்கள். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியை நடத்திய பிராஞ்ச் ரிக்கி வளர்த்த முறை அது.

இரா.: பிடுங்கிய நாற்றை யாராவது திரும்ப நாற்றங்காலில் ஊன்றுவார்களா? இங்கே ஒரே வீரரை ஒரு சீசனில் 5 முறை வரை கீழே இறக்கலாம். காயம் ஆறிய நட்சத்திரப் பந்துவீச்சாளரும் இங்கேதான் வந்து கை பார்க்கிறார். தவிர, 'நாற்றம்' என்று படித்துச் சிரிப்பார்கள்.

செ.: ஆண்டாளுக்கு நாறுதல் மணத்தல்தான். முளைத்தல் என்ற பொருளும் உண்டு. நாற்று அதில் பிறந்தது. 'கால்' வாய்க்கால் அல்ல. கண், கால், புறம், அகம் என்று ஏழாம் வேற்றுமையில் வரும் இடப்பொருள் கால்.

மு.: வெள்ளிக்கிழமை, ஐயா. பிளே-ஆஃப்?

வ.: 'தகுதிச் சுற்று' வேண்டாம், ஐபிஎல் குவாலிஃபயரோடு குழம்பும். 'இறுதிச் சுற்று'ம் பொருந்தாது. டிரிபிள்-ஏவுக்கு அடுத்த கீழ்ப்படியான டபுள்-ஏவில் 138 ஆட்டம், சீசன் இரண்டு பாதி. ஒரு பிரிவில் முற்பாதி வென்ற அணியும் பிற்பாதி வென்ற அணியும் மோதும். 3 ஆட்டத்தில் 2 வெல்ல வேண்டும். அதில் வென்றால்தான் லீக் பட்டத்துக்கு இன்னொரு 3 ஆட்டத் தொடர். ஆக, இறுதி அதற்குள் ஒரு பகுதிதான். வாகை என்றால் வெற்றி; 'வாகைச் சுற்று' என்கலாம்.

இரா.: வாகை பாலையின் புறன், அதாவது பாலை என்ற அகத்திணைக்கு இணையான புறத்திணை என்கிறார் தொல்காப்பியர். பாலையின் உரிப்பொருள், அதாவது மையக் கருத்து, பிரிவு. செப்டம்பர் 1 அன்று மேஜர் லீக் அணிகளின் வீரர் பட்டியல் 26-லிருந்து 28 ஆகும். பட்டத்துக்கு ஆட வேண்டிய நேரத்தில் டிரிபிள்-ஏவின் நல்ல மட்டையாளர் மேலே கிளம்பிவிடுவார். பெயர் தானாகப் பொருந்துகிறது!

வ.: உரையாசிரியர் கேட்டால் மகிழ்வார். வாசகருக்கு 'பிளே-ஆஃப்' தெரியும், 'வாகை' தெரியாது. முதல் தடவை இரண்டையும் சேர்த்துப் போடுங்கள்.

மு.: 'மைனர் லீக்' அப்படியே, விளக்கக் குறிப்பில் மட்டும் நாற்றங்கால். பிளே-ஆஃப் என்கிற வாகை சுற்று. அனுப்பிவிட்டேன்.

செ.: மைனர் லீக்குக்கு நான் உடன்படவில்லை, பதிவில் இருக்கட்டும்.

இரா.: வாகைச் சுற்று. 'ச்' எங்கே?