ஹைலக்ஸ் 80க்கு மேல் நடுங்குது, சில்லு பாலன்ஸ் செய்தும் நிற்கவில்லை

கோப்பாய்க்காரன்:
வணக்கம். அண்ணையின் 2008 ஹைலக்ஸ் விகோ டபுள் கப், 3 லீற்றர் டீசல், மனுவல் கியர். அவர் கனடாவில், வந்து நிற்கிற நாட்களில்தான் வாகனம் ஒழுங்காக ஓடும், மற்றப்படி எங்கள் வளவில் கொட்டிலுக்குள் நிற்கும், நான் இடைக்கிடை ரவுண் வரைக்கும் எடுத்துப் போய் வருவேன். ரவுணுக்குள் ஒரு பிரச்சினையும் தெரியாது. அவரை ஏற்றக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போனபோதுதான் பிடிபட்டது. ஆனையிறவு தாண்டி, பரந்தன் பக்கம் நேர் றோட்டில் 80ஐத் தொட்டதும் ஸ்டியரிங் இரண்டு பக்கமும் சின்னதாக ஆடத் தொடங்கியது. குருநாகலில் அதிவேகப் பாதையில் ஏறி 95, 100 என்று போனால் ஸ்டியரிங் ஆட்டம் கொஞ்சம் அடங்குகிறது, ஆனால் காலுக்குக் கீழே தகடு உறுமுகிறது, பின்கண்ணாடியில் வருகிற லொறி இரண்டாகத் தெரிகிறது. பிறேக் பிடித்தால் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை.

நாலு சில்லும் பாலன்ஸ் செய்து, எலைன்மன்டும் பார்த்தாயிற்று. ஒரு கராஜில் நாலு ரயரையும் மாற்றச் சொல்கிறார்கள், இன்னொருவர் சொக் அப்சோபர் என்கிறார். ரயரில் தவாளிப்பு இன்னும் ஆழமாகவே இருக்கிறது, 265/70 16 நாலு ரயர் இப்போது விற்கிற விலைக்கு சும்மா மாற்ற மனம் வரவில்லை. கடைசியாகச் செய்த பெரிய வேலை என்றால் பின் புறொப்பெலர் சாஃப்ற்றின் (கியர் பெட்டியிலிருந்து பின் அச்சுக்குச் சுற்றைக் கொண்டுபோகிற நீளத் தண்டு) சென்ரர் பெயாரிங் மாற்றியது, அது போன வருசம். எங்கே இருந்து தொடங்குவது?

வயல்கரை:
முதலில் 70க்கு மேல் போகாதேங்கோ, ஏ9 றோட்டில் சட்டமும் அதுதான், நடுக்கமும் வராது, தண்டமும் வராது 😀

பகிடி விட்டுட்டு, றிம்மின் உள்பக்கம் பார்த்தீர்களா? எங்கள் பக்கத்துச் செம்மண் மழைக்குள் ஒட்டிக் காய்ந்தால் செங்கல் மாதிரி. ஒரு பக்கத்தில் ஒரு கைப்பிடி இருந்தாலே காணும். பாலன்ஸ் செய்கிற பெடியன் அதைக் கழுவாமல் ஈயம் அடித்திருந்தால், பிறகு மண் விழுகிற அன்றைக்கு பாலன்ஸ் திரும்பவும் பிழைக்கும்.

பழைய டீசல்:
தம்பி, நீங்கள் எழுதினதை வடிவாக வாசித்தால் அது ஒரு நடுக்கம் இல்லை, இரண்டு. ஸ்டியரிங் ஆட்டம் ஒன்று, தகடு உறுமுவது இன்னொன்று. எல்லாரும் இரண்டையும் ஒன்றாக நினைத்து மருந்து சொல்கிறார்கள், அதனால்தான் ஆளுக்கொரு கதை.

கணக்கைப் பாருங்கோ. 265/70 16 ரயரின் சுற்றளவு ஏறத்தாழ 2.4 மீற்றர். 90இல் போகும்போது வாகனம் செக்கனுக்கு 25 மீற்றர் போகிறது, அப்படியென்றால் சில்லு செக்கனுக்குப் பத்துத் தரம் சுற்றுகிறது. பத்துத் தரம் என்பது கைக்குத் தெரிகிற ஆட்டம். ஆனால் புறொப்பெலர் சாஃப்ற், டிஃபரன்ஷல் (பின் அச்சில் இருக்கிற பல்சக்கரப் பெட்டி) விகிதத்துக்கு ஏற்ப, அதைவிட நாலு மடங்குக்குக் கிட்டச் சுற்றும், செக்கனுக்கு நாற்பது தரம் அளவில். அது ஆட்டமாகத் தெரியாது, உறுமலாகத்தான் தெரியும், சீற்றிலும் தகட்டிலும். ஆகவே ஸ்டியரிங்கில் வருகிற ஆட்டத்துக்கு முன்பக்கச் சில்லுகளைச் சந்தேகியுங்கோ, உறுமலுக்கு சாஃப்ற்றை.

எஞ்சினை முதலில் கழித்துவிடலாம். வெறும் நேர் றோட்டில், பின்னால் வாகனம் இல்லாத நேரம், உறுமுகிற வேகத்தில் கிளச்சை மிதித்து நியூற்றலுக்கு எடுங்கோ. எஞ்சின் சுற்று இறங்கியும் உறுமல் அப்படியே இருந்தால் எஞ்சினும் கிளச்சும் மவுண்டும் குற்றவாளி இல்லை. சாவியை மட்டும் நிற்பாட்டவே கூடாது, ஸ்டியரிங் பாரமாகும், பிறேக் பூஸ்ரரும் போய்விடும்.

அடுத்தது காசு செலவில்லாத வேலை: முன் சில்லு இரண்டையும் பின்னுக்கும், பின்னதை முன்னுக்கும் மாற்றிப் பூட்டி ஓடுங்கோ. ஆட்டம் ஸ்டியரிங்கை விட்டு இருக்கைக்குப் போனால் பிழை சில்லோடுதான் போகிறது. பிறகு ஸ்பெயார் சில்லை ஒவ்வொன்றுக்கும் பதிலாகப் போட்டுப் பார்த்தால் எந்தச் சில்லு என்று தெரிந்துவிடும். மாறவே இல்லை என்றால் முன் சில்லைத் தாங்கித் திருப்புகிற பாகங்கள், ஹப் பெயாரிங், ரை றொட் என்ட், போல் ஜொயின்ற் பக்கம் போகவேண்டும்.

இன்னொன்று, தவாளிப்பு ஆழமாக இருப்பதை நம்பாதேங்கோ. நிற்கிற வாகனத்தின் ரயர் தேயாது, கிழடாகும். ரயரின் பக்கச் சுவரில் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டும் வாரம், மற்ற இரண்டும் வருசம். 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். உள்ளே கம்பி அடுக்கு பிரியத் தொடங்கினால் ஒரு இடம் மெதுவாகப் புடைக்கும். பாலன்ஸ் மெஷின் பாரத்தைத்தான் பார்க்கும், வட்டத்தைப் பார்க்காது. நெளிந்த ரயருக்கும் ஈயம் அடித்து சைபர் காட்டலாம், றோட்டில் அது துள்ளத்தான் செய்யும். சில்லைத் தூக்கி, ரயருக்குப் பக்கத்தில் ஒரு தடியை அசையாமல் வைத்துக் கையால் மெதுவாகச் சுற்றினால் இடைவெளி கூடிக் குறைவது கண்ணுக்கே தெரியும்.

இணுவில் கராஜ்:
பின் சில்லு இரண்டையும் தூக்கி வைத்து, கியரில் போட்டு 80 காட்டுமட்டும் ஓடவிட்டு ஒராள் கீழே படுத்துப் பார்த்தால் ஐந்து நிமிசத்தில் பிடிக்கலாம்.

பழைய டீசல்:
தயவு செய்து அந்த வேலை வேண்டாம். சுற்றுகிற சாஃப்ற்றுக்குக் கீழே ஆள் படுப்பதா? ஸ்ராண்ட் ஒன்று சரிந்தால் வாகனம் ஆளோடு சேர்த்துப் பாயும். எஞ்சினை நிற்பாட்டி, முன் சில்லுக்குக் கட்டை வைத்து, ஜக்குக்குக் கீழே பலகை போட்டு, ஸ்ராண்டில் இறக்கிவிட்டுத்தான் கீழே போகவேண்டும். எங்கள் மண் மழைக்குப் பிறகு ஜக்கை விழுங்கும். கல் அடுக்கி வைத்து வேலை செய்கிறவர்களைக் கண்டிருக்கிறேன், பார்க்கவே வயிற்றைக் கலக்கும்.

கீழே போனால் பார்க்கவேண்டியது: சாஃப்ற் கோணத்தில் மடங்கிச் சுற்ற விடுகிற ஒவ்வொரு யூ ஜொயின்ற்றையும் கையால் பிடித்து முறுக்கியும் மேலே கீழே அசைத்தும் பாருங்கோ, ஆட்டமே இருக்கக் கூடாது. ஜொயின்ற்றின் நடுவில் இருக்கிற குறோஸின் தொப்பியடியில் செங்கபிலத் தூள் கசிந்திருந்தால் உள்ளே கிறீஸ் காய்ந்து துரு அரைபடுகிறது என்று அர்த்தம். மணற்காட்டுப் பக்கம் உப்புத் தண்ணிக்குள் இறக்கின வாகனம் என்றால் அது கெதியாக வரும்.

அதைவிட முக்கியம், சென்ரர் பெயாரிங் மாற்றினது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பெயாரிங்கை எடுக்க சாஃப்ற்றின் இரண்டு துண்டையும் இணைக்கிற பிளேஞ்ச் என்ற தட்டைக் கழற்றவேண்டும், பின் துண்டையும் இறக்கவேண்டும். கழற்றும் முன் உளியாலோ பெயின்ற்றாலோ அடையாளம் வைக்காவிட்டால், திரும்பப் பூட்டும்போது ஒரு பல் தள்ளிப் பூட்டுவது மிகச் சுலபம். யூ ஜொயின்ற் கோணத்தில் வேலை செய்யும்போது ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தரம் வேகம் கூடிக் குறையும். ஒரு முனையில் வருவதை மறுமுனை எதிராகச் செய்து சமப்படுத்தும், அதற்குத்தான் இரண்டு முனை யோக்கும் (ஜொயின்ற்றைப் பிடிக்கிற கவை) ஒரே நேர்கோட்டில் நிற்கவேண்டும். பல் தள்ளினால் சமப்படாது, அது உறுமலாக வரும். சாஃப்ற்றை நீளவாட்டில் பாருங்கோ, பின் துண்டின் முன் யோக் காதும் பின் யோக் காதும் ஒரே நேரிலா?

கோப்பாய்க்காரன்:
எல்லாருக்கும் நன்றி. பார்த்தேன், எழுதுகிறேன்.

செம்மண் இருந்தது, ஆனால் கழுவியும் மாறவில்லை. நியூற்றலில் விட்டும் உறுமல் போகவில்லை. சில்லு முன்பின் மாற்றியதும் ஸ்டியரிங் அப்படியே அமைதி, இருக்கை ஆடத் தொடங்கியது. ஸ்பெயாரைப் போட்டுப் பார்த்ததில் முதலில் முன் இடதுபக்கம் இருந்த சில்லுதான் ஆள். இலக்கம் 3113. தடி வைத்துச் சுற்றினால் ஒரு இடத்தில் தடியைத் தொட்டுக்கொண்டு போகிறது, விரலால் தடவினாலும் அந்த மேடு தெரிகிறது. மற்ற மூன்றும் அதே வருசம்தான்.

ஸ்பெயாரோடு ஓடியும் உறுமல் மட்டும் மாறவில்லை, அக்சிலரேற்றரை விட்டால் குறைகிறது, மிதித்தால் கூடுகிறது. கீழே போய்ப் பார்த்தால் பின் துண்டின் இரண்டு யோக்கும் நேரில் இல்லை. மட்டப்பலகை வைத்துப் பார்த்தேன், கண்ணால் பார்த்தாலே தெரிகிற சரிவு. ஜொயின்ற்கள் இறுக்கமாக இருக்கின்றன. அடையாளம் ஒன்றும் எங்கேயும் இல்லை.

பழைய டீசல்:
மிதித்தால் கூடுகிறது என்றால் இனி ரயரைச் சந்தேகிக்கத் தேவையில்லை, ரயருக்கு மிதிக்கிறதும் விடுகிறதும் ஒன்றுதான். பின் துண்டை இறக்கி, பல்லில் வழுக்கி உள்ளே வெளியே போகிற ஸ்லிப் யோக்கை இழுத்து யோக் இரண்டையும் நேருக்குக் கொண்டுவந்து பூட்டுங்கோ. அந்தப் பற்களுக்கு, ஸ்பிளைனுக்கு, கிறீஸ் போடுங்கோ, நிறைத்து அடைக்க வேண்டாம், யோக் உள்ளே போக இடமில்லாமல் நின்றுவிடும். டிஃபரன்ஷல் பக்கப் பிளேஞ்சிலும் இப்போதே அடையாளம் வையுங்கோ. சென்ரர் பெயாரிங் பிளேஞ்ச் எப்படி இருந்தது என்று இனி ஒருவருக்கும் தெரியாது, நேராக்கியும் கொஞ்சம் உறுமல் மிஞ்சினால் முழுச் சாஃப்ற்றையும் கழற்றி, சாஃப்ற் பாலன்ஸ் செய்கிற லேத் பட்டறைக்குக் கொண்டுபோகவேண்டும். அப்போதும் நிற்காவிட்டால் முன் சாஃப்ற்றைக் கழற்றி வைத்துவிட்டு ரூ வீலில் ஓடிப் பாருங்கோ, உங்களுடையது பார்ட் ரைம் ஃபோர் வீல், ஓடலாம்.

ரயர் நாலும் மாற்றத்தான் வேண்டும், நடுக்கம் முழுவதுக்கும் ரயர்தான் என்று கராஜ்காரர் நினைத்தது பிழை, சொன்ன வேலை சரி. அந்த மேடு உள்ள ரயரை ஸ்பெயாராகவும் வைத்திருக்க வேண்டாம்.

வயல்கரை:
சொக் அப்சோபர்?

பழைய டீசல்:
எண்ணெய் கசியாவிட்டால் விடுங்கோ.

கோப்பாய்க்காரன்:
யோக் நேராக்கிப் பூட்டியாயிற்று. கிளிநொச்சி மட்டும் போய் வந்தேன், உறுமல் பெரும்பாலும் போய்விட்டது, 95க்கு மேல் மெல்லியதாக ஒன்று இருக்கிறது. ரயர் மாற்றுவது அண்ணை காசு அனுப்பியதும். லேத்தில் சாஃப்ற் பாலன்ஸ் யாழ்ப்பாணத்துக்குள் செய்கிறார்களா, இல்லை வவுனியா போகவேண்டுமா?