வெளிநாட்டில் பாஸ்கெட்பால் ஆட வந்த அமெரிக்கர்களை நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

வாங்ஜிங் வாசி:

அமெரிக்க பாஸ்கெட்பால் ஆட்டக்காரர் ஸ்டெஃபான் மார்பரி யார், நியூயார்க் நிக்ஸ் அணியில் சண்டையாகி அவர் எப்படி வெளியேறினார் என்பதெல்லாம் இங்கே எல்லோருக்கும் தெரியும். நேராக விஷயத்துக்கு வருகிறேன். 2012 மார்ச் 30, பெய்ஜிங் வூகேசோங் அரங்கம், சீன லீக் இறுதிச் சுற்றில் மார்பரியின் பெய்ஜிங் அணிக்கு குவாங்தோங் அணியோடு ஐந்தாவது ஆட்டம். எனக்கு பாஸ்கெட்பால் பைத்தியம் ஒன்றும் கிடையாது. ஆபீஸில் பக்கத்து சீட்டு சீன நண்பர் 'மஞ்சள் மாட்டிடம்' (பிளாக்கில் டிக்கெட் விற்பவனுக்கு அங்கே அதுதான் பெயர்) இரண்டு டிக்கெட் வாங்கி வைத்திருந்தார். மனைவிக்குக் காய்ச்சல், அதனால் என்னை இழுத்துக்கொண்டு போனார்.

124-121. மார்பரி மட்டும் 41. பெய்ஜிங் அணிக்கு அதுதான் முதல் கோப்பை. கூட்டம் விடாமல் கத்திய ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டேன். "பாராட்டுதான், ஆனால் ஆபீஸில் சொல்லிவிடாதே" என்றார் நண்பர்.

எனக்கு மறக்காதது ஆட்டம் முடிந்த பிறகு நடந்தது. மார்பரி அழுகிறார். அரங்கமே அழுகிறது. என் நண்பர், கணக்கு வழக்கில் கறாரான மனிதர், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டே, "லாவ் மா இனி பெய்ஜிங்காரர்" என்றார். லாவ் மா என்பது மார்பரிக்கு அவர்கள் வைத்த செல்லப்பெயர், நம் பக்கத்தில் 'பெரிசு' என்பதுபோல. அந்த அணியில் மார்பரிக்கு அது முதல் சீசன். நான் அந்த ஊருக்கு வந்து அப்போது ஆறு வருடம். வருடா வருடம் ஃபைலைத் தூக்கிக்கொண்டு விசா நீட்டிப்புக்கு நிற்பேன். இதே நண்பர் என்னை எல்லோரிடமும் "எங்கள் இந்தியர்" என்றுதான் அறிமுகப்படுத்துவார்.

அதே வருடம் அரங்கத்துக்கு வெளியே மார்பரிக்குச் சிலை வைத்தார்கள். 2014-இல் கௌரவக் குடிமகன் பட்டம். அப்புறம் கிரீன் கார்டும் கிடைத்தது. பொறாமையா என்று கேட்டால், ஆமாம்.

குர்ஸ்க் டாக்டர்:

வாசி சார், அவர் மூன்று கோப்பை வாங்கிக் கொடுத்தார். நீங்கள் கம்ப்யூட்டருக்குக் கோடு எழுதப் போனீர்கள். சிலை கேட்டால் எப்படி?

என் கதை ரஷ்யாவில். 2007 செப்டம்பர், எம்.பி.பி.எஸ். நான்காம் வருடம். ஹாஸ்டல் டிவி அறையில் யூரோபாஸ்கெட் (ஐரோப்பிய நாடுகளின் பாஸ்கெட்பால் போட்டி) இறுதி ஆட்டம், மாட்ரிடில் ஸ்பெயினுக்கு எதிராக. ரஷ்யாவின் பாயின்ட் கார்டு (பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிறவர்) ஜே.ஆர். ஹோல்டன், பிட்ஸ்பர்க்கில் பிறந்த அமெரிக்கர். புடின் கையெழுத்துப் போட்டு 2003-இல் குடியுரிமை கொடுத்தது. கடைசி இரண்டு விநாடிக்கு முன்னால் அவர் எறிந்த பந்து வளையத்தில் துள்ளி, நம் உயிரை எடுத்துவிட்டு உள்ளே விழுந்தது. 60-59. அதற்குப் பிறகும் ஸ்பெயினின் பாவ் காசோல் ஒன்று எறிந்தார், விழவில்லை.

வாசலில் பாஸ் பார்க்கிற பாட்டி எங்களோடு உட்கார்ந்திருந்தார். பந்து விழுந்ததும் 'நாஷ்! நாஷ்!' என்று கத்தினார். நம்ம ஆள் என்று அர்த்தம். கேரளத்துப் பையன் ஒருவனைக் கட்டிப்பிடித்து முத்தம் வேறு. மறுநாள் காலை கிளாஸ் முடிந்து திரும்பினேன். நாலு வருடமாகத் தினமும் பார்க்கிற முகம். "பாஸ்?" என்றார். எடுத்துக் காட்டினேன்.

ஒன்று சொல்ல வேண்டும். ஹோல்டனை 'நம்ம ஆள்' ஆக்கியது பாசம் மட்டும் இல்லை. ரஷ்ய பாஸ்போர்ட் இருந்தால் அவர் ஆடிய சிஎஸ்கேஏ மாஸ்கோ கிளப்புக்கு அமெரிக்கர்களுக்கான ஒதுக்கீட்டில் ஓர் இடம் மிச்சம், தேசிய அணிக்கு ஒரு பாயின்ட் கார்டு லாபம். அந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

வாங்ஜிங் வாசி:

கணக்குப் பார்த்துக் கையெழுத்துப் போட்டது அரசாங்கம். அந்தப் பாட்டி கணக்குப் பார்த்தா கத்தினார்?

கொத்துக்கடை:

நீங்கள் இருவரும் கதைப்பது பெரிய ஆட்களைப் பற்றி. நான் பார்த்தவருக்கு விக்கிபீடியாவில் ஒரு வரியும் இராது.

சுவிஸில் பிரெஞ்சு கதைக்கிற பக்கம், சின்ன நகரம். எனக்கு ஒரு சாப்பாட்டுக்கடை. அங்கத்தைய கிளப் ஒவ்வொரு வருடமும் இரண்டு மூன்று அமெரிக்கர்களை இறக்கும். ஒரு வீடு, கிளப் பெயர் ஒட்டின ஒரு கார், மாதச் சம்பளம். அந்த வருடம் வந்தவர் நல்ல உயரம், எங்கள் கதவால் குனிந்துதான் உள்ளுக்கு வருவார். கோழிக் கொத்து என்றால் உயிர். தகட்டில் கொத்துகிற சத்தம் கேட்டால் மேசையில் விரலால் அதே தாளத்தைத் தட்டுவார். வெளிநாட்டில் அது அவருக்கு ஆறாவது ஊராம். எல்லா ஊரிலும் அதே இரண்டு சூட்கேஸ்தான் என்பார். வீடியோவில் மகளோடு கதைக்கும்போது அங்கே விடியற்காலை, இங்கே மத்தியானம். அவள் பள்ளிக்கூடத்துக்குச் சப்பாத்து போட்டுக்கொண்டே கதைப்பாள்.

தை மாதம் கணுக்கால் பிரண்டுவிட்டது. இரண்டு கிழமையில் இன்னொரு அமெரிக்கர் வந்து இறங்கிவிட்டார். அன்றிரவு எங்களவர் நடந்து வந்தார், நொண்டி நொண்டி. காரை அன்று பின்னேரமே எடுத்துவிட்டார்கள். சாப்பிட்டு முடித்து, நாளை விடிய ஜெனீவா ஏர்போர்ட்டுக்குக் கொண்டுபோய் விட முடியுமா என்று கேட்டார். ஆறே முக்காலுக்கு விமானம்.

வேலை இருக்குது என்று சொன்னேன். அப்படி ஒரு வேலையும் இருக்கவில்லை. அன்று காலை ஏழு மணியிலிருந்து நின்ற கால்கள், படுத்தால் போதும் என்றிருந்தது. "பரவாயில்லை" என்றார். கொத்துக்கு உரிய காசைச் சதம் குறையாமல் எண்ணி வைத்துவிட்டுப் போனார்.

பழைய பாயின்ட் கார்டு:

துபாய் ஏர்போர்ட்டில் ஒருமுறை ஓர் அமெரிக்கரைப் பார்த்தேன். பெய்ரூட்டுக்கு ஆடப் போகிறார். மூன்று நாற்காலியில் படுத்திருந்தார், கால் நாலாவதில். அவ்வளவுதான் என் அனுபவம்.

ஆனால் கொத்துக்கடை அண்ணன் சொன்னதற்கு ஒரு பதில் எழுதியே ஆக வேண்டும். அந்த ஆட்டக்காரர் ஒப்பந்தத்தைச் சரியாகப் படிக்கவில்லை. நன்றாக எழுதிய ஒப்பந்தத்தில் திரும்பிப் போகும் டிக்கெட், ஏர்போர்ட் போக்குவரத்து, மாற்று வீடு கிடைக்கும்வரை எத்தனை நாள் தங்கலாம் என்பது வரை இருக்கும். மெடிக்கல் டெஸ்டில் தேறிவிட்டால் காயத்தைக் காட்டிச் சம்பளத்தை நிறுத்தக் கூடாது என்ற வரி மிக முக்கியம். சம்பளம் வரி போக இவ்வளவு என்று எழுத வேண்டும், வரிக்கு முன்னால் இவ்வளவு என்று எழுதினால் போச்சு. எல்லாவற்றுக்கும் மேல், தகராறு வந்தால் பிஏடியில் தீர்த்துக்கொள்வோம் என்ற பிரிவு. சர்வதேச பாஸ்கெட்பால் கூட்டமைப்பான ஃபிபா 2007-இல் ஆரம்பித்த நடுவர் மன்றம் அது, சட்டப்படி அதன் இருப்பிடமே ஜெனீவாதான்! பெரும்பாலும் ஒரே நடுவர். எந்த நாட்டுச் சட்டத்தையும் கட்டிக்கொண்டு அழாமல், நியாயம் எது என்று பார்த்துத் தீர்ப்புச் சொல்வார். கிளப் பணம் தராவிட்டால் புது ஆட்டக்காரர்களைப் பதிவு செய்ய ஃபிபா தடை போடும். அந்தத் தடைக்குத்தான் கிளப்காரர்கள் பயப்படுவார்கள். என் அக்கா பையனுக்கு (பத்தாவது படிக்கிறான், கல்லூரிக்கு அமெரிக்கா போகப் போகிறானாம்) இதையெல்லாம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. வாங்ஜிங் வாசி எழுதியதைப் படித்தால் மார்பரியோடுதான் எல்லாம் ஆரம்பித்ததுபோல் இருக்கிறது. பில் பிராட்லி ஆக்ஸ்ஃபோர்டில் படித்துக்கொண்டே மிலானுக்காக ஆடி 1966-இல் ஐரோப்பியக் கோப்பை வாங்கினார். பின்னாளில் அமெரிக்க செனட்டர்.

வாங்ஜிங் வாசி:

நான் எங்கே ஆரம்பித்தது என்று எழுதினேன்? விசா வரிசையைப் பற்றி எழுதினேன்.

குர்ஸ்க் டாக்டர்:

பத்தாவது படிக்கிற பையனுக்கு முதலில் முழங்காலைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள், வரியை அப்புறம் பார்க்கலாம். கொத்துக்கடை அண்ணா, அவர் ஏர்போர்ட்டுக்கு எப்படித்தான் போனார்?

கொத்துக்கடை:

தம்பி பாயின்ட் கார்டு, ஒப்பந்தத்தில் என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. பிழை கிளப்பில் என்றும் நான் எழுதவில்லை. கார் என்னிடமும் ஒன்று இருந்தது, எண்ணெயும் இருந்தது.

டாக்டர், முதல் ரயிலில்தான் போயிருப்பார், வேறு வழியில்லை. அந்தப் பாதை எங்கள் வீட்டுக்குப் பின்னால்தான் போகுது. அன்று எழும்பித்தான் கிடந்தேன்.