கிரேன் இல்லாத காலத்தில் பிரமிடுக் கற்களை எப்படி இழுத்தார்கள்?

வாசுகி_மதுரை

பத்தாவது படிக்கும் என் மகன் ஒரு வீடியோவைக் காட்டி, பிரமிடை வேற்றுக்கிரகத்தார்தான் கட்டினார்கள் என்கிறான். இல்லை என்றேன். அப்படியென்றால் எப்படிக் கட்டினார்கள் என்று திருப்பிக் கேட்டான், பதில் சொல்லத் தெரியவில்லை. எகிப்தின் கிசாவில் உள்ள குஃபு மன்னரின் பெரிய பிரமிடில் மட்டும் சுமார் 23 லட்சம் கற்கள், சராசரியாக ஒவ்வொன்றும் இரண்டரை டன் என்று படித்திருக்கிறேன். 4,500 வருடத்துக்கு முன்னால், செம்பு உளியும் கல் சுத்தியலும் வைத்திருந்தவர்கள் இதை எப்படி நகர்த்தினார்கள்? உருளைக் கட்டைகளை அடியில் போட்டு உருட்டினார்கள் என்று பள்ளியில் படித்த ஞாபகம். அது சரியா? வெறும் ஊகமாக இருந்தால் அவன் ஒத்துக்கொள்ள மாட்டான், அவனிடம் காட்டுகிற மாதிரி ஏதாவது ஆதாரம் வேண்டும்.

பழையபாதை

ஆதாரம் இருக்கிறது, அதையும் எகிப்தியர்களே வரைந்து வைத்திருக்கிறார்கள். மத்திய எகிப்தில் தெய்ர் எல்-பெர்ஷா என்ற இடத்தில் ஜெஹுதிஹோதெப் என்ற மாகாண ஆளுநரின் கல்லறை இருக்கிறது. குஃபுவுக்குப் பல நூற்றாண்டு பிந்தியது, கி.மு. 1900-ஐ ஒட்டிய காலம். அதன் சுவரில், அவருடைய பிரம்மாண்டமான சிலையை இழுத்துப்போகும் காட்சி. நான்கு வரிசையில் 172 ஆட்கள் கயிறு பிடித்திருக்கிறார்கள். சிலையின் எடை 58 டன் இருக்கும் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அடியில் சக்கரமும் இல்லை, உருளைக் கட்டையும் இல்லை. மரத்தால் செய்த சறுக்குவண்டி மட்டும்தான், அதாவது முன்பக்கம் வளைந்த இரண்டு நீளக் கட்டைகளைக் குறுக்குச் சட்டங்களால் பூட்டியது.

முக்கியமான ஆள் வண்டியின் முன்நுனியில் நிற்கிறான். கயிறு இழுக்காமல் பாதையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறான். இதைச் சடங்கு என்று சொன்னவர்கள் உண்டு. 2014-இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் டேனியல் பான் குழு மணல் தட்டில் ஒரு சிறிய சறுக்குவண்டியை வைத்து இழுத்துப் பார்த்தது. காய்ந்த மணலில் வண்டிக்கு முன்னால் மணல் குவிந்து தடுக்கிறது. அளவாக ஈரம் இருந்தால் மணல் இறுகி நிற்கிறது, இழுக்கத் தேவையான விசை ஏறக்குறைய பாதியாகிவிடுகிறது. எனக்கு இதில் பெரிய வியப்பு என்னவென்றால், அந்தச் சுவரில் இருந்த விடையை இத்தனை காலம் கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறோம்.

நிலைமம்

இரண்டரை டன் கல்லுக்குக் கணக்கு போட்டுப் பாருங்கள். ஈர மணலில் உராய்வுக் குணகம் 0.3 என்று வைத்தால், அதாவது எடையில் பத்தில் மூன்று பங்கு விசை என்றால், சமதரையில் இழுக்க 750 கிலோ விசை வேண்டும். ஒரு ஆள் 35 கிலோ விசையில் இழுத்தால் இருபது, இருபத்தைந்து பேர் போதும். பையனுக்கு இயற்பியல் பாடம் இருக்கும், அவனையே போடச் சொல்லுங்கள். இழுப்பதைவிட மலைப்பானது வேகம்தான். குஃபு ஆண்ட சுமார் 27 வருடத்தில் 23 லட்சம் கல் என்றால், ஒரு நாள்கூட விடாமல் வேலை நடந்தாலும், நாளுக்கு 230 கல்லுக்கு மேல் வந்து சேர வேண்டும். ஒரே நேரத்தில் பல குழுக்கள் வேலை செய்தால்தான் நடக்கும். அத்தனை பேருக்கும் சோறு போட வேண்டும், கயிறு திரிக்க வேண்டும், பாதை போட வேண்டும். கிசாவில் ஸ்பிங்க்ஸுக்குத் தெற்கே மார்க் லேனர் குழு தோண்டிய குடியிருப்பில் ரொட்டி சுடும் கூடங்களும் ஏராளமான ஆடு மாட்டு எலும்புகளும் கிடைத்திருக்கின்றன.

அப்புறம், எல்லாக் கல்லும் தூரத்திலிருந்து வரவில்லை. பெரும்பகுதி அங்கேயே, பிரமிடுக்குப் பக்கத்திலேயே வெட்டியது. வெளிப்பூச்சு மாதிரி போர்த்திய வெள்ளைச் சுண்ணாம்புக்கல் நைலின் எதிர்க்கரையில் உள்ள துராவிலிருந்து படகில் வந்தது. இதற்கு எழுத்து ஆதாரமே உண்டு. 2013-இல் செங்கடல் கரையில் வாடி அல்-ஜர்ஃப் என்ற இடத்தில் பியர் தாலே குழு பாப்பிரஸ் (நாணல் தாள்) சுருள்களைக் கண்டெடுத்தது. சுமார் நாற்பது ஆட்களை மேய்த்த மெரெர் என்ற அதிகாரியின் தினக்குறிப்பு அது. இன்று துராவில் கல் ஏற்றினோம், இன்று இரவு இங்கே தங்கினோம் என்று நாள்வாரியாகப் போகிறது. பத்து நாளில் இரண்டு மூன்று நடை போய்வந்திருக்கிறார்கள். குஃபுவின் மாற்றாந்தாய்ச் சகோதரர் அன்க்ஹாஃபின் பெயரும் மேற்பார்வையாளராக வருகிறது. வீடியோக்காரர்களிடம் இதற்கு என்ன பதில் என்று பையனையே கேட்கச் சொல்லுங்கள்.

ஆரூரான்

அந்த ஓவியத்தில் இன்னொரு ஆளையும் கவனியுங்கள். சிலையின் முழங்கால்மேல் நின்று கைதட்டித் தாளம் கொடுக்கிறான். எங்கள் ஊர் ஆழித்தேரின் வடம் பிடித்தவர்களுக்கு இது சொல்லாமலே புரியும். தேருக்குச் சக்கரம் உண்டு, அதனால் உராய்வுக் கணக்கு வேறு. ஆனால் நின்ற தேரை முதல் அங்குலம் அசைப்பதுதான் பெரும்பாடு, அசைந்துவிட்டால் பாதிக் கஷ்டம் போச்சு. ஆயிரம் பேர் ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் அசையாதது, ஒரே குரலுக்கு இழுத்தால் அசையும். 172 பேரை ஒரே நொடியில் இழுக்க வைக்கத்தான் அந்தத் தாளக்காரன்.

வாசுகி_மதுரை

ரொம்ப நன்றி. பையன் மெரெர் குறிப்பில் கொஞ்சம் அடங்கிவிட்டான். இப்போது, சமதரை சரி, மேலே எப்படி ஏற்றினார்கள் என்கிறான். உள்ளே ராஜா அறைக் கூரையில் பெரிய கிரானைட் உத்தரங்கள் இருக்கின்றனவாமே?

பழையபாதை

ஆமாம், அஸ்வானிலிருந்து 800 கிலோமீட்டருக்கு மேல் நைலில் வந்தவை, பெரியவை பல பத்து டன் எடை. ஏற்றியது சாய்தளத்தில். அது நேராக ஒரே சரிவா, பிரமிடைச் சுற்றிப்போனதா, இரண்டும் கலந்ததா என்று ஆய்வாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். ஆனால் குஃபு காலத்துச் சாய்தளம் ஒன்று ஹத்னுப் கல்குவாரியில் 2018-இல் வெளிப்பட்டது. 20 சதவீதத்துக்கும் மேலான சரிவு, இரண்டு பக்கமும் படிகள், படியோரம் மரக்கம்பங்கள் நட்ட குழிகள். கம்பத்தில் கயிற்றைச் சுற்றி இழுத்திருந்தால், மேலே ஏறுகிறவர்களோடு கீழே இறங்குகிறவர்களின் பலமும் சேர்ந்திருக்கும்.

உங்கள் மகனுக்கு ஒரு வேலை கொடுங்கள். ஒரு அகலத் தட்டில் மணல், அதன்மேல் ஒரு சிறு பலகை, பலகைமேல் ஒரு செங்கல், இழுக்க மீன் எடைபோடும் ஸ்பிரிங் தராசு. முதலில் காய்ந்த மணலில் இழுத்து எடையைக் குறித்துக்கொள்ளட்டும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்து இழுக்கட்டும். ஒரு கட்டத்தில் தராசு காட்டும் அளவு நன்றாகக் குறையும். அதற்கு மேலும் தண்ணீர் ஊற்றினால் மறுபடி ஏறும், அதையும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.